சுங்காயிலிருந்து நொசாவா ஒன்சென் வரை: பனிச்சறுக்குக்கும் வெந்நீர்க் குளியலுக்கும் முதல்முறை போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

மலேசியாவின் பேராக்கில் சுங்காய், துரோலாக், பீடோர் பக்கமிருந்து ஜப்பானுக்குப் பனி பார்க்கக் கிளம்பும் குடும்பங்களுக்கு ஏற்பாடு செய்து கொடுத்து, சில நேரம் கூடவே போயும் வந்ததில் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பணம் இருக்கிறது, ஆசை இருக்கிறது, வரிசைதான் தப்பிப்போகிறது. மலிவு டிக்கெட்டைப் பார்த்ததும் வாங்கிவிட்டு அப்புறம் அறை தேடுவார்கள், பூட்ஸை வாங்கிவிட்டு அப்புறம் கடையில் வாடகைக்குக் கிடைக்கும் என்று தெரிந்துகொள்வார்கள், உடம்பைக் கழுவாமல் தொட்டியில் காலை வைத்துவிட்டு அப்புறம் ஏன் எல்லாரும் முறைக்கிறார்கள் என்று கேட்பார்கள்.

இங்கே எழுதியிருப்பது நாகானோ மாநிலத்தில் உள்ள நொசாவா ஒன்சென் என்ற மலைக்கிராமத்துக்கு. ஒன்சென் என்றால் வெந்நீர் ஊற்று. பனிச்சரிவும், ஊர்க்காரர்களே பராமரிக்கும் 13 பொதுக் குளியலறைகளும் நடக்கும் தூரத்தில் இருக்கும் ஊர். வேறு ஒன்சென் ஊருக்குப் போனாலும் பெரும்பகுதி இதேதான்.

1. முதலில் மாதம், அடுத்து அறை, கடைசியில் விமானம்

நல்ல பனி ஜனவரி, பிப்ரவரியில். மார்ச்சில் குளிர் கொஞ்சம் தணியும், கூட்டமும் குறையும். பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு நான் மார்ச் முதல் பாதியைத்தான் சொல்வேன். பனிச்சறுக்கில் கைதேர்ந்தவர்கள் தேடும் மெத்துப்பனி, முதல்நாள் பழகுபவருக்குத் தொல்லைதான், கால் புதையும்.

ஆண்டு இறுதியும் சீனப் பெருநாள் விடுமுறையும் விலை உச்சத்தில் இருக்கும் நாட்கள். ஜனவரி 15ஆம் தேதி இந்த ஊரில் டோசோஜின் நெருப்புத் திருவிழா, நம்ம பொங்கலை ஒட்டியே வரும். பார்க்க ஆசையென்றால் பல மாதம் முன்பே அறை பிடிக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

அறையை முதலில் பிடிக்கச் சொல்வதற்குக் காரணம், இது கிராமம். விமானத்தில் இடம் இல்லையென்றால் மறுநாள் விமானம் இருக்கும். இங்கே விடுதி நிரம்பிவிட்டால் அடுத்த ஊரில் தங்கி, தினமும் காலையில் பஸ்ஸில் வந்து போக வேண்டும், மாலைக் குளியல் போய்விடும். ரத்துசெய்யக்கூடிய அறையாகப் பிடித்து வைத்துக்கொண்டு டிக்கெட் பாருங்கள்.

'மின்ஷுக்கு' என்பது குடும்பங்கள் நடத்தும் விடுதி. பாய் விரித்த அறை, பஞ்சுமெத்தை, பெரும்பாலும் காலை பசியாறலும் இரவுச் சாப்பாடும் சேர்த்துத்தான் விலை. முழங்கால் வலி உள்ள அம்மா, மாமியார் கூட வருகிறார்கள் என்றால் கட்டில் உள்ள அறை கேளுங்கள். தரையிலிருந்து எழுவது அவர்களுக்குப் பெரும்பாடு.

2. கடப்பிதழ், காப்புறுதி, மருந்து

சில்லு பதித்த மலேசியக் கடப்பிதழ் இருந்தால் சுற்றுலாவுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம். 'விசிட் ஜப்பான் வெப்' தளத்தில் குடிநுழைவு, சுங்க விவரங்களை வீட்டிலிருந்தே நிரப்பி, வரும் கியூஆர் குறியைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் விமான நிலையத்தில் வைஃபை தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

காப்புறுதி வாங்கும்போது ஒரே கேள்வி: பனிச்சறுக்கு விபத்து இதில் சேருமா? சாதாரணப் பயணக் காப்புறுதி பலவற்றில் சேராது, தனியாகக் கூட்ட வேண்டியிருக்கும். எல்லைக் கயிற்றுக்கு அப்பால் போய் மாட்டிக்கொண்டால் தேடி மீட்கும் செலவு உங்கள் தலையில் விழும், அதைப் பெரும்பாலான காப்புறுதியும் ஏற்காது.

மருந்தில் கவனம். சூடோஎஃபெட்ரின் அதிகமுள்ள சளி மாத்திரைகளை ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது, கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு வையுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை ஒரு மாதத்துக்கு மேற்படாமல், கடிதத்தோடு எடுத்துப்போங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அதைக் கைப்பையில் வைக்க வேண்டும். சரிவில் ஜாக்கெட்டின் வெளிப்பையில் வைத்தால் உறைந்துவிடும், ஒருமுறை உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் பயன்படாது.

3. உடுப்பு: வாங்குவது எது, வாடகைக்கு எடுப்பது எது

கேமரன் மலைக்குப் போட்டுப்போகும் ஸ்வெட்டரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஜனவரியில் கிராமத்திலேயே இரவில் பூச்சியத்துக்குக் கீழே போகும், 1,650 மீட்டர் உச்சியில் காற்றோடு சேர்ந்தால் இன்னும் கடுமை.

மூன்று அடுக்கு போதும். உடம்பை ஒட்டிய உள்ளாடை பாலியெஸ்டராகவோ மெரினோ கம்பளியாகவோ இருக்கட்டும், பருத்தி வேண்டாம். பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நின்றதும் அந்த ஈரம் உடம்பின் சூட்டை இழுத்துவிடும். நடுவில் ஃபிலீஸ். வெளியே தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் கால்சட்டையும். ஜீன்ஸ் போட்டு வந்தவர்கள் இரண்டு தடவை விழுந்ததும் நனைந்து, மதியத்துக்குள் அறைக்குத் திரும்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சறுக்குப் பலகை, பூட்ஸ், கைத்தடி, ஹெல்மெட், வெளி ஜாக்கெட், வெளிக் கால்சட்டை எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். நீங்கள் வாங்க வேண்டியது உள்ளாடை, நீண்ட மெல்லிய காலுறை, தண்ணீர் புகாத கையுறை, காதை மூடும் தொப்பி, சரிவுக்கான கண்ணாடி. ஃபிலீஸையும் ஊருக்குள் போட்டு நடக்கும் தடித்த ஜாக்கெட்டையும் பண்டல் கடையில், அதாவது பழைய துணிக் கடையில் தேடுங்கள். அங்கே தொங்குவதில் பாதி ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்ததுதான், திரும்ப ஊருக்குக் கூட்டிப்போகிறோம், அவ்வளவே. ஜிப் ஓடுகிறதா, உள்பக்க ரப்பர் பூச்சு உரிகிறதா என்று மட்டும் பாருங்கள். உரிந்தால் தண்ணீர் புகும்.

இன்னொன்று, தேங்காய் எண்ணெய். நம்ம வீட்டுப் பெண்கள் வறண்ட தோலுக்கு என்று குப்பியில் கொண்டு வருவார்கள், அங்கே அது வெள்ளையாகக் கட்டி குப்பியை விட்டு வராது. வாஸ்லினும் உதட்டு மெழுகும் போதும்.

4. பெட்டிக்குள் வைக்கக் கூடாதவை

இறைச்சி எந்த வடிவிலும் வேண்டாம். கோழி ரெண்டாங், சொசேஜ், இறைச்சி அடைத்த கறிபஃப், செருண்டிங் எதுவும் கூடாது, விமான நிலையத்தில் மோப்ப நாய் சுற்றும். பச்சைக் கறிவேப்பிலையும் பழமும் தாவர ஆய்வுச் சான்று இல்லாமல் நுழையாது. முறுக்கு, நெத்திலிச் சம்பல், ஊறுகாய், மைலோ பொட்டலம் இவற்றுக்குத் தடையில்லை.

சின்ன ரைஸ் குக்கரும் வேண்டாம். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 240. சோறு வேகாது. தட்டையான இரண்டு ஊசி உள்ள அடாப்டர் ஒன்று இருந்தால் கைப்பேசி, கேமரா எல்லாம் ஓடும், மூன்று ஊசி பிளக் அங்கே நுழையாது.

5. போய்ச் சேர்வது

சுங்காய் ஸ்டேஷனில் இடிஎஸ் ரயில் பிடித்து கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து விமான நிலைய ரயில். பெருநாள் வாரத்தில் இடிஎஸ் டிக்கெட் விமான டிக்கெட்டை விட முன்னாலேயே தீர்ந்துவிடும், அதையும் சேர்த்தே வாங்குங்கள்.

டோக்கியோவில் இரவு நேரத்தில் இறங்கும் விமானமென்றால் அன்றே மலைக்குப் போக முடியாது. கடைசி புல்லட் ரயிலும் கிராமத்துக்குப் போகும் பஸ்ஸும் அதற்குள் முடிந்திருக்கும். ஒரு இரவு டோக்கியோவில் தங்கும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய பெட்டியை விமான நிலையத்திலேயே 'தக்யூபின்' கூரியரில் விடுதி முகவரிக்கு அனுப்பிவிடலாம். பெரும்பாலும் மறுநாள் வந்துவிடும், பனி கொட்டினால் தாமதமாகும். அதனால் இரண்டு நாளுக்கான உள்ளாடை, மருந்து, கையுறை, தொப்பி இவை முதுகுப்பையில் இருக்கட்டும். ரயிலில் பெட்டியோடு ஏறி இறங்கும் கலவரம் மிச்சம்.

டோக்கியோ ஸ்டேஷனில் ஹொக்குரிக்கு ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில் ஏறி ஈயாமா ஸ்டேஷனில் இறங்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும். இதே தடத்தில் 'ககயாக்கி' என்ற வேகமான ரயிலும் ஓடும், அது ஈயாமாவில் நிற்காது. 'ஹகுத்தாக்கா' பாருங்கள், அதிலும் ஈயாமா நிறுத்தம் உண்டா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அவசரத்தில் ககயாக்கியில் ஏறினால் நாகானோவுக்கு அடுத்து தொயாமாவில்தான் இறங்க முடியும். ஈயாமாவிலிருந்து கிராமத்துக்கு நேரடி பஸ், ஏறக்குறைய 25 நிமிடம்.

யென் ரொக்கமாகக் கையில் இருக்கட்டும். சின்னக் கடைகள் சிலவற்றில் அட்டை செல்லாது. 100 யென் நாணயங்களைச் செலவழித்துத் தீர்க்காதீர்கள், குளியலறை உண்டியலுக்கு வேண்டும்.

6. முதல் மாலை நடந்து பழகுங்கள்

போன கையோடு சரிவுக்கு ஓடாதீர்கள். கிராமத்துத் தெருக்களே ஏற்ற இறக்கம், உருகி மறுபடி உறைந்த இடங்களில் கண்ணாடி போல வழுக்கும். சரிவில் விழுகிறவர்களை விட தெருவில் விழுகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன், அதுவும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே நடக்கும்போது.

குட்டை அடியாக, பாதம் முழுவதும் தரையில் படும்படி, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து நடங்கள். கையைச் சட்டைப்பைக்குள் விட்டு நடக்க வேண்டாம், விழும்போது ஊன்ற முடியாது. அடியில் பல் உள்ள காலணி இல்லையென்றால் மாட்டிக் கழற்றும் முள் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

7. வாடகைக் கடை

முதல் நாள் மாலையே போங்கள். காலையில் போனால் வரிசையில் அரை நாள் போய்விடும், அவசரத்தில் பொருந்தாத பூட்ஸோடு கிளம்புவீர்கள்.

படிவத்தில் உயரம், எடை, வயது, அனுபவம் கேட்பார்கள். எடையை உள்ளபடி எழுதுங்கள். சறுக்குப் பலகையைப் பூட்ஸோடு பிணைக்கும் பூட்டை அந்தக் கணக்கில்தான் இறுக்குவார்கள். குறைத்து எழுதினால் சும்மா திரும்பும்போதே கழன்றுவிடும், பெரிய ஆள் என்று காட்ட 'நன்றாகத் தெரியும்' என்று எழுதினால் விழும்போது கழலாமல் முழங்காலைத் திருகும். பக்கத்தில் மாமா, மச்சான் நிற்கிறார்களே என்று வெட்கப்பட்டு 15 கிலோ குறைக்கும் அக்காமார்களுக்கு இதைத் தனியாகச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

பூட்ஸுக்குள் ஒரே ஒரு காலுறை. குளிருமே என்று இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து வலிக்கும், இரத்த ஓட்டம் தடைப்பட்டு இன்னும் குளிரும். நேராக நின்றால் விரல் நுனி முன்னால் லேசாக முட்ட வேண்டும், முழங்காலை முன்னால் மடக்கினால் விரல் விலக வேண்டும், குதிகால் மேலே எழும்பக் கூடாது. இறுக்கமாக இருப்பதாக எல்லாரும் சொல்வார்கள், அப்படித்தான் இருக்கும். பெரிய அளவு கேட்டு மாற்றினால் பலகை சொன்ன பேச்சைக் கேட்காது.

8. முதல் நாள் சரிவு

ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி வகுப்பை முன்கூட்டியே பதியுங்கள். நண்பன் சொல்லிக்கொடுப்பான் என்று நம்பி வந்தால் இரண்டு மணி நேரத்தில் நட்பு போய்விடும்.

கிராமத்திலிருந்து 'யு ரோடு' என்ற நகரும் நடைபாதை ஹிகாகே அடிவாரத்துக்கு ஏற்றிவிடும், பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஏற்றத்தில் நடக்க வேண்டியதில்லை. புதியவர்களுக்கு ஹிகாகேயின் மென்சரிவு போதும். கொண்டோலா என்ற கம்பிவடப் பெட்டியில் உச்சிக்குப் போய்ப் படம் எடுக்கலாமே என்று பலகையோடு ஏறிவிடுவார்கள். ஏறுவது சுலபம், இறங்குவதற்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

நின்று பழகுவது, பக்கவாட்டில் ஏறுவது, பலகையின் முன்நுனிகளை நெருக்கிப் பின்பக்கத்தை விரித்து நிறுத்துவது, இந்த மூன்றும் வந்த பிறகுதான் சரிவில் மேலே ஏற்றிவிடும் லிப்ட். நிறுத்தத் தெரியாமல் லிப்டில் ஏறினால் உங்களுக்கு மட்டும் ஆபத்தில்லை, கீழே நிற்கும் குழந்தைக்கும் ஆபத்து.

கட்டுப்பாடு போகிறது என்று தெரிந்ததும் பக்கவாட்டில் இடுப்பில் உட்காருங்கள், கையை நீட்டி ஊன்ற வேண்டாம், மணிக்கட்டு போய்விடும். எழும்போது பலகை இரண்டும் சரிவுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். கீழ்நோக்கி இருந்தால் எழுந்த கணமே மறுபடி ஓட ஆரம்பித்துவிடும்.

மூன்று மணிக்கு நிறுத்துங்கள். "கடைசியா ஒரே ஒரு தடவை" என்று போய்த்தான் பலருக்கு முழங்கால் பிசகுகிறது. தொடை களைத்த பிறகு மூளை சொல்வதைக் கால் கேட்பதில்லை.

9. வெந்நீர்க் குளியல்

பலர் தயங்குவது இங்கேதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். சுங்கை கிளா வெந்நீர் ஊற்றுக்கு டீசட்டையும் கால்சட்டையுமாக இறங்கிப் பழகியவர்கள் நாம். இங்கே துணி கிடையாது, நீச்சலுடையும் கூடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அறை, உள்ளே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கூச்சம் போகவில்லை என்றால் குடும்பத்துக்கு மட்டும் தனியாகத் தரும் குளியலறை உள்ள விடுதியாக 1ஆம் படியிலேயே பிடித்துவிடுங்கள், அங்கே போய்க் கேட்டால் கிடைக்காது.

ஆண், பெண் என்பதற்கான எழுத்தைப் படித்து வையுங்கள், அவை சீன எழுத்துகள்தான். சில இடங்களில் நீலத்திரை, சிவப்புத்திரை இருக்கும், சில பழைய மரக்கதவுகளில் எழுத்து மட்டும்தான். சீனப்பள்ளியில் படிக்கும் பிள்ளை கூட வந்தால் கவலையில்லை, இந்த ஊரில் அவர்கள்தான் நமக்கு வழிகாட்டி.

கிளம்பும் முன் நகையை விடுதியிலேயே கழற்றி வையுங்கள். தண்ணீரில் கந்தகம் இருக்கிறது, வாசனையிலேயே தெரியும். வெள்ளி மெட்டி சில நிமிடத்தில் மங்கி, வெளியே வரும்போது கரிப்பிடித்த மாதிரி ஆகிவிடும். வெள்ளிக் கொலுசு, அரைஞாண் எல்லாவற்றுக்கும் இதே கதி. தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் கழுத்து நீருக்கு மேலே இருக்கும்படி உட்காருவார்கள், அது அவரவர் விருப்பம்.

பொதுக் குளியலறைகளில் ஆள் கிடையாது, துண்டும் சோப்பும் கிடையாது, எடுத்துப்போக வேண்டும். குளிர்காலத்தில் காலை 6 மணியிலிருந்து இரவு 11 வரை. கட்டணம் இல்லை, வாசலில் உண்டியல் இருக்கும். சுத்தம் செய்வது அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் முறைபோட்டு, அதனால் நாணயம் போடாமல் வராதீர்கள்.

செருப்பை வாசலில் விட்டு, துணியை அலமாரியில் வைத்து, தொட்டியோரம் குந்தி வாளியில் தண்ணீர் மொண்டு காலிலிருந்து மேலே ஊற்றிக் கழுவ வேண்டும். இரண்டு காரணம். எல்லாரும் இறங்கும் தண்ணீர், அதில் அழுக்குப் போகக் கூடாது. அடுத்து, உடம்பு அந்தச் சூட்டுக்குப் பழக வேண்டும். பல தொட்டிகள் 42, 43 டிகிரிக்குக் குறையாது, ஊர் நடுவே உள்ள 'ஓயு' என்ற குளியலறையில் இரண்டு தொட்டி, மிதமானது என்று சொல்லப்படுவதே நமக்குச் சூடுதான். அதில்தான் முதலில் இறங்க வேண்டும்.

குளிர்நீர்க் குழாயைத் திறந்து ஆற்றலாம், ஆனால் உள்ளே ஊர்ப் பெரியவர் இருந்தால் அவர் முகத்தைப் பார்த்துக் கைகாட்டிக் கேட்டுவிட்டுத் திறங்கள். அவருக்கு அந்தச் சூடுதான் சுகம். உள்ளே சோப்பு நுரை, துண்டு, அவிழ்த்த முடி எதுவும் போகக் கூடாது. துண்டை மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள், நீங்களும் வையுங்கள்.

முதல் தடவை ஐந்து நிமிடம் போதும். மெதுவாக எழுந்து ஓரத்தில் உட்காருங்கள், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். முன்னும் பின்னும் தண்ணீர் குடியுங்கள். மது குடித்துவிட்டு இறங்கவே கூடாது. இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். இனிப்புநீரால் (நீரிழிவால்) கால் மரத்தவர்கள் தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள், சுடுவது தெரியாமலே கொப்புளம் வந்துவிடும், முழங்கையால் பாருங்கள்.

சரிவில் விழுந்து அன்றே முழங்காலோ கணுக்காலோ வீங்கியிருந்தால் அன்று வெந்நீர் வேண்டாம். சூடு வீக்கத்தைக் கூட்டும். வெளியே பனி கொட்டிக் கிடக்கிறது, பையில் அள்ளி ஒத்தடம் கொடுங்கள்.

வெளியே வரும்முன் தலையை நன்றாகத் துவட்டித் தொப்பி போடுங்கள். ஈரத்துண்டைக் கையில் ஆட்டிக்கொண்டே நடந்தால் கடுங்குளிர் இரவில் விடுதி வாசலுக்குள் அது அட்டை மாதிரி விறைத்துவிடும், பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு.

'ஓகாமா' என்ற ஊற்று 90 டிகிரியை ஒட்டிக் கொதிப்பது, ஊர்க்காரர்கள் கீரை அவிக்கும் இடம். வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். சுங்கை கிளாவில் முட்டை அவித்த ஞாபகத்தில் முட்டையோடு உள்ளே நுழைய வேண்டாம்.

10. சாப்பாடு

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் 'கியூனிக்கு' என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஜப்பானியக் கறிச்சோறு பார்க்க நம்ம குழம்பு மாதிரி இருக்கும், அந்தக் கறிக்கட்டியில் மாட்டுக்கொழுப்போ பன்றிக்கொழுப்போ இருப்பது சாதாரணம்.

சைவர்களுக்கு இன்னும் கஷ்டம், சூப் முதல் காய்க்கூட்டு வரை மீன் சாறு. அறை பதியும்போதே 'மீன் சாறும் கூடாது' என்று எழுதுங்கள். 'சைவம்' என்று மட்டும் எழுதினால் மீன் சாற்றில் வெந்த காய் வரும். சாப்பாட்டு நேரம் மாலை 6, 6.30 என்று சொன்னால் அதேதான், எட்டு மணிக்கு வந்து கேட்க முடியாது.

11. திரும்புவதற்கு இரண்டு நாள் முன்

பெட்டியை விமான நிலையத்துக்கு அனுப்புவதாக இருந்தால் கிளம்பும் காலையில் கொடுத்தால் போய்ச் சேராது. மலையிலிருந்து விமான நிலையத்துக்கு இரண்டு நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும், எடுக்கும் நேரத்தையும் விமான எண்ணையும் விடுதிக்காரர் படிவத்தில் எழுதித் தருவார். நனைந்த கையுறையையும் காலுறையையும் முந்தின இரவு சூடான காயவைக்கும் அறையில் தொங்கவிட்டுக் காய்ந்த பிறகே பெட்டியில் வையுங்கள், இல்லையென்றால் சுங்காய் வெயிலில் பெட்டியைத் திறக்கும்போது பூஞ்சணம் பிடித்திருக்கும். வாடகைப் பொருளைக் கடைசி மாலையே திருப்பிக் கொடுங்கள், காலை பஸ்ஸுக்கு முன் கடை திறந்திருக்காது.